புல்தரை போடப் போகும் பிள்ளைகளுக்கு

புதுவீடு கட்டி வாசலில் அரை சென்ட், ஒரு சென்ட் இடம் மிஞ்சினால் உடனே "லான் போட்டுவிடலாம்" என்று ஆசை வந்துவிடுகிறது. நல்ல ஆசைதான். விடிகாலையில் வெறுங்காலோடு அருகம்புல்லில் நடந்தவர்களுக்கு அது ஏன் வருகிறது என்று தெரியும். ஆனால் என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்வி: சீக்கிரம் எப்படிப் பரவ வைப்பது? அருகைப் பரவ வைக்க யாருடைய உதவியும் வேண்டாம். மணமக்களை அருகுபோல் வேரோடி வாழச் சொல்லி வாழ்த்துகிற ஊர் நம்முடையது. அதே அருகைத் தன் கொல்லையில் பார்த்தால் கரும்பு விவசாயி மண்வெட்டியைத் தேடுவார். இரண்டும் ஒரே புல், ஒரே குணம். எங்கே நிற்க வேண்டும் என்று அதற்குக் கட்டளையிடத் தெரிந்தவருக்குத்தான் புல்தரை வளர்க்கத் தெரியும். தோட்ட வேலையிலேயே காலத்தைக் கழித்தவன் என்ற உரிமையில், தொடங்கப் போகிற உங்களுக்குச் சிலவற்றைச் சொல்கிறேன்.

1. முதலில் வெயிலைப் பாருங்கள். மண், உரம், நர்சரி எல்லாம் பிறகு. அருகுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 6 மணி நேரம் நேர்வெயில் வேண்டும். எட்டு மணி நேரம் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு விடுமுறை நாளில் காலை முதல் மாலை வரை அவ்வப்போது வெளியே வந்து நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். அதையும் மார்கழியில் பாருங்கள். அப்போது சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். வீட்டுக்கு வடக்குப் பக்கம் நிழல் நீளும். ஆனியில் வெயில் கொட்டுகிற வடக்கு முற்றம் மார்கழியில் பாதி நாள் நிழலில் கிடக்கும். மாமரத்தடி, வேப்பமரத்தடி என்றால் அருகை மறந்துவிடுங்கள். நிழலில் அது தண்டு நீண்டு, இலை குறைந்து, இடையிடையே மண் தெரிய நின்று, கடைசியில் போய்விடும். அந்த இடத்துக்கு நிழல் தாங்கும் அகன்ற இலைப் புல் உண்டு, பெரணி உண்டு, ஒன்றும் போடாமல் மணல் பரப்பி ஒரு பெஞ்சு போட்டாலும் அழகுதான்.

2. நடுவதற்கு முன்னால் அந்தப் புல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஓடைக்கரையிலோ வரப்பிலோ ஒரு கொடியைக் களைக்கொத்தால் கிளறி, வேரோடு எடுங்கள். இரண்டு வகைத் தண்டு தெரியும். ஒன்று தரைக்கு மேலே படுத்து ஓடுகிறது. இளஞ்சிவப்பும் பச்சையும் கலந்த நிறம். மண் தொட்ட கணுக்களில் எல்லாம் வேர் கீழே இறங்கியிருக்கும், இலை மேலே கிளம்பியிருக்கும். இன்னொன்று மண்ணுக்குள்ளேயே ஓடுகிறது; வெளிறிய நிறம், செதில் போர்த்தியது. அதன் நுனியை விரல் நுனியில் வைத்து அழுத்துங்கள், குத்தும். தார்ச்சாலை ஓரத்தைத் துளைத்துக்கொண்டு கிளம்புவது இந்த நுனிதான். மேலே ஓடுவதைக் கண்ணால் பார்த்து வெட்டலாம். கீழே ஓடுவது நீங்கள் பார்க்கும்போது ஏற்கெனவே ரோஜாச் செடியின் தூருக்குள் வந்து சேர்ந்திருக்கும். ஒரே ஒரு கணுவோடு ஒரு துண்டு மண்ணில் தங்கினாலும் அது ஒரு புதுச் செடி. இந்த இரண்டையும் கண்ணால் பார்த்தவருக்கு நான் அடுத்துச் சொல்லப்போவதன் காரணம் தானே விளங்கும்.

3. புல் வாங்கும் முன்பே எல்லையைக் கட்டுங்கள். மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். கயிறு கட்டி, கோடு போட்டு, ஓரம் முழுக்க ஒரு அடி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டுங்கள். நம் ஊரில் இதற்குக் கடப்பைக் கல்லைப் போல ஒன்று கிடையாது. பலகைக் கல்லைக் குத்தவைத்து இறக்கி, தரைக்கு மேலே இரண்டு அங்குலம் தெரியும்படி விட்டு, இரண்டு பக்கமும் மண்ணை இடித்து இறுக்குங்கள். கல்லும் கல்லும் சேரும் இணைப்பில்தான் கவனம் வேண்டும். அங்கே சிமென்ட் பூசாமல் விட்டால், மண்ணுக்குள் ஓடுகிற தண்டு கல்லோரமாகவே வந்து அந்த இடுக்கைக் கண்டுபிடித்துவிடும். செங்கல்லைச் சும்மா வரிசையாக நட்டுவைப்பது பார்வைக்கு எல்லை, புல்லுக்கு அல்ல. கல் போட வசதியில்லை என்றால் தடித்த பிளாஸ்டிக் தகட்டை அதே ஆழத்துக்கு இறக்கலாம்; மெல்லிய தாள் உதவாது. கல்லுக்கு வெளியே அரை அடி அகலத்துக்கு ஜல்லியோ வெறும் மண்ணோ இருக்கட்டும். மேலே ஏறி வருகிற கொடி அங்கே வந்து விழும்போது உங்கள் கண்ணில் படும். செடிப்பாத்தி கல்லை ஒட்டியே இருந்தால் கண்ணில் படாது.

இந்த வேலைக்குச் செலவு உண்டு, உண்மைதான். புல்லை விடக் கல்லுக்கு அதிகம் ஆகும். ஆனாலும் பணம் குறைவாக இருக்கிறது என்றால் புல்தரையின் பரப்பைப் பாதியாக்குங்கள்; எல்லையைப் பாதியாக்காதீர்கள்.

4. காய்கறிப் பாத்திக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். மல்லி, முல்லை, ரோஜாவுக்கும் இடைவெளி விடுங்கள். முள்ளுச்செடியின் தூரில் புகுந்த அருகைப் பிடுங்குவது கை கிழிகிற வேலை. புதிதாக நட்ட மரக்கன்றைச் சுற்றி மூன்றடிக்கு வட்டமாகப் புல் இல்லாமல் வையுங்கள். தண்ணீருக்கும் சத்துக்கும் நடக்கிற போட்டியில் கன்று தோற்றுப்போகும். புல்தரை நடுவில் நட்ட எலுமிச்சை ஏன் வளரவில்லை என்று கேட்கிறவர்களிடம், தூரைப் போய்ப் பார்க்கத்தான் சொல்வேன்.

5. மண்ணைத் தயார் செய்ய ஒரு மாதமாவது ஒதுக்குங்கள். கட்டட வேலை நடந்த இடம் என்றால் முக்கால் அடி ஆழத்துக்குக் கொத்தி, சிமென்ட் கட்டி, ஜல்லி, ஆணி, கம்பித் துண்டு எல்லாவற்றையும் பொறுக்குங்கள். மேலே நாலு கூடைச் செம்மண்ணைப் போட்டு மூடிவிடலாம் என்று கொத்தனார் சொல்வார், கேட்காதீர்கள். கீழே இறுகிய மண் இருந்தால் மழைக்குத் தண்ணீர் தேங்கும், வெயிலுக்குப் புல் கருகும்.

வெளியிலிருந்து மண் வாங்கினால் லாரியிலிருந்து இறக்கும்போதே கூடநின்று பாருங்கள். கோரைக் கிழங்கு, மிளகை விடச் சற்றுப் பெரிதாக, கறுப்பாக, மெல்லிய நாரில் கோத்ததுபோல வரும். அது வந்த மண்ணைத் திருப்பி அனுப்புங்கள், வெட்கப்பட வேண்டாம். புல்தரையில் கோரை புகுந்தால், பிடுங்கப் பிடுங்க மேலே இருப்பது மட்டும் கையோடு வரும். கிழங்கு உள்ளேயே நின்று அடுத்த தளிரை அனுப்பும். அருகுக்குள் இருக்கும் கோரையைத் தனியாக ஒழிக்கச் சுலபமான வழி கிடையாது. ஆகவே நடும் முன்பே அதை வெளியே வரச் செய்யுங்கள்: மண்ணைச் சமன் செய்து, தண்ணீர் விட்டு, பத்துப் பதினைந்து நாள் காத்திருங்கள். உள்ளே இருப்பதெல்லாம் முளைக்கும். கிழங்கோடு தோண்டி எடுங்கள். மறுபடி தண்ணீர் விடுங்கள், மறுபடி தோண்டுங்கள். இதற்குப் பொறுமை இல்லாதவர்கள்தான் பிறகு வருஷக்கணக்கில் குனிந்து உட்கார்ந்து பிடுங்குகிறார்கள்.

கடைசியாக மக்கிய தொழுவுரத்தைச் சலித்துக் கலந்து, நீளப் பலகையால் இழுத்து மட்டம் செய்யுங்கள். வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக, பத்தடிக்கு இரண்டு அங்குலம் சரிவு இருந்தால் மழைநீர் நிற்காது.

6. எந்தப் புல் என்று கேட்டு வாங்குங்கள். நாட்டு அருகு சற்று முரடு; ஆனால் வெயில், மிதி, தண்ணீர்த் தட்டுப்பாடு எல்லாம் தாங்கும். நர்சரியில் "பெர்முடா" என்று சொல்வதும் இந்த அருகின் வகைதான். அதில் மெல்லிய இலையுள்ள கலப்பின வகைகள் உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் ஊரில் கிளென் பர்ட்டன் உருவாக்கி 1960இல் வெளிவந்த டிஃப்வே 419 அவற்றில் பேர்பெற்றது. நம் அருகையும் தென்னாப்பிரிக்கப் புல் ஒன்றையும் கலந்து பிறந்தது, விதை கட்டாது. ஆகவே 419 விதை என்று யாராவது பொட்டலம் நீட்டினால் வாங்காதீர்கள். அது கொடியாகத்தான் கிடைக்கும். மென்மையான கலப்பினத்துக்கு அடிக்கடி வெட்டும் உரமும் வேண்டும். முதன்முதலாகப் போடுகிறவர்களுக்கு நாட்டு அருகே போதும் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். கொரியன் புல் மெத்தென்று மேடு மேடாக வரும், மெதுவாகப் பரவும்; பொறுமை உள்ளவர்களுக்கு அதுவும் நல்லதுதான்.

7. ஆடியில் நடுங்கள். ஐப்பசி அடைமழை வருவதற்குள் வேர் பிடித்திருக்கும். அடைமழையில் நட்டால் பாதி அடித்துக்கொண்டு போகும். சித்திரையில் நட்டால் தண்ணீர் ஊற்றி மாளாது. விதை வேண்டாம் என்பேன். கிலோவுக்கு சுமார் 40 லட்சம் விதை, அவ்வளவு பொடி; ஒரு நல்ல மழையில் எல்லாம் ஒரு மூலையில் போய்ச் சேரும். பத்தையாக வெட்டி வந்த புல்லைப் பாய்போல் விரிப்பது சீக்கிரம் முடியும். ஆனால் பத்தையின் அடிமண்ணோடு கோரையும் வந்துவிடலாம். கொடியை நான்கு அங்குல இடைவெளியில் ஊன்றுவதுதான் செலவு குறைந்த, நம்பகமான வழி. மூன்று நான்கு கணு உள்ள துண்டு, இரண்டு கணு மண்ணுக்குள், மீதி வெளியே. ஊன்றியதும் காலால் அழுத்தி மிதியுங்கள். முதல் மூன்று வாரம் மேல்மண் காயவே கூடாது. பூவாளியால் காலையும் மாலையும் தெளியுங்கள். ஆள்கூலிக்கு வசதியில்லை என்றால் கொடியைப் பொடியாக நறுக்கி, மண்ணும் சாணமும் கலந்து கரைத்து மெழுகுவதுபோல் ஒரு அங்குலக் கனத்துக்குப் பூசிவிடலாம். அதுவும் நன்றாக வரும்.

8. தண்ணீர்க் கணக்கை முன்கூட்டியே போடுங்கள். பச்சென்று வைத்திருக்க வெயில் காலத்தில் வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு அங்குல நீர் வேண்டும். ஒரு சென்ட் இடத்துக்கு அது 1,000 லிட்டர். உங்கள் கிணறும் போர்வெல்லும் அதைத் தாங்குமா? 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் ஏறக்குறைய முழுதாக வறண்டு, மக்கள் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்ததை நாம் பார்த்தோம். அப்படி ஒரு கோடையில் புல்லுக்குக் குழாய் பிடிப்பது சரியில்லை. பயப்படாமல் காயவிடுங்கள். இலை பழுப்பாகிவிடும், மண்ணுக்குள் தண்டு உயிரோடு இருக்கும், மழை பெய்ததும் திரும்ப வரும். தண்ணீர் இருக்கும்போதும் தினம் கொஞ்சம் தெளிப்பதை விட, வாரத்துக்கு இரண்டு முறை ஆழ ஊற விடுங்கள். தினம் தெளித்தால் வேர் மேலேயே தங்கிவிடும்.

9. வெட்டுங்கள். வெட்டினால்தான் அருகு அடர்த்தியாகும், வெட்டாவிட்டால் வைக்கோலாகும். நாட்டு அருகை ஒன்றிலிருந்து ஒன்றரை அங்குல உயரத்தில் வையுங்கள். ஒரு தடவையில் இருக்கிற உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். ஊருக்குப் போய்விட்டு ஒரு மாதம் கழித்து வந்து, முழங்கால் உயரப் புல்லை ஒரே வெட்டில் கட்டையாக்கினால் அடித்தண்டு பழுப்பாகத் தெரியும். புல்தரை செத்ததுபோல் இருக்கும். இரண்டு மூன்று தவணையாக இறக்குங்கள். ஆவணி, புரட்டாசியில் வாரம் ஒருமுறை வெட்ட வேண்டியிருக்கும். மார்கழி, தையில் அதன் ஓட்டம் குறையும், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும்.

மெஷின் கத்தி கூராக இருக்கிறதா என்று புல்லே சொல்லும். வெட்டிய மறுநாள் இலை நுனியைப் பாருங்கள். நேராக, சுத்தமாக இருந்தால் கத்தி சரி. நார் நாராகப் பிய்ந்து வெளுத்திருந்தால் கத்தியைத் தீட்டக் கொடுங்கள். சின்ன இடத்துக்கு மோட்டார் மெஷினே வேண்டாம். கையால் தள்ளும் உருளைக் கத்தி மெஷின் அழகாக வெட்டும். ஈரப்புல்லை வெட்டாதீர்கள். பொடியாக விழுந்த இலைத் துணுக்கு அங்கேயே மக்கட்டும். நீளமாக விழுந்ததை மட்டும் வாரி எடுங்கள். பழைய தண்டு சேர்ந்து, விரலை விட்டால் மண் தட்டாத அளவுக்கு மெத்தை கட்டிவிட்டால், இரும்பு வாரியால் அழுத்தி வாரி அந்தச் சருகை வெளியே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊற்றும் தண்ணீர் வேருக்குப் போகாது.

10. பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஓரத்தைச் சுற்றி வாருங்கள். இதுதான் புல்தரைக்காரனின் உண்மையான வேலை. கொடி கல்லின் மேல் ஏறி, நுனியை மறுபக்கம் தொங்கவிட்டு, மண்ணைத் தொட்டதும் முதல் கணுவில் வெள்ளை வேர் விடும். அந்த நிலையில் விரலால் எடுத்துவிடலாம். இரண்டு மாதம் விட்டால் களைக்கொத்து வேண்டும். ஒரு வருஷம் விட்டால் கடப்பாரை. எடுத்த கொடியை எருக்குழியில் போடாதீர்கள். அந்த எருவே அடுத்த ஆண்டு உங்கள் கத்திரிப் பாத்தியில் அருகைக் கொண்டுவந்து நடும். மொட்டைமாடித் தரையில் பரப்பி, ஒடித்தால் நொறுங்கும் வரை காயவிட்டு, அதற்குப் பிறகு எருவில் சேருங்கள்.

11. உரம் குறைவாகப் போடுங்கள். சென்ட்டுக்கு 200 கிராம் யூரியாவைப் பிரித்துத் தூவி, உடனே தண்ணீர் விட்டால் ஒரு மாதத்துக்கு ஏராளம். அதற்கு மேல் போட்டால் போட்டவர்தான் வெட்டியாக வேண்டும். என்னைக் கேட்டால் ஆண்டுக்கு இரண்டு முறை மணலும் மண்புழு உரமும் கலந்து மெல்லியதாகத் தூவினாலே போதும். பள்ளம் மேடும் அதில் சமமாகிவிடும்.

12. நோய், பூச்சிக்குப் பெரிதாகப் பயம் வேண்டாம். மழைக்காலத்தில் வட்ட வட்டமாகப் பழுப்பு விழுந்தால் தண்ணீரை நிறுத்துங்கள். ஓரிடத்தில் புல் பாய்போல் உரிந்து வந்தால் கீழே வேர்ப்புழு இருக்கும், தோண்டிப் பொறுக்குங்கள். நாய் சிறுநீர் கழித்த இடத்தில் உடனே ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள்.

13. பிள்ளையாருக்குச் சாத்தவும் சாறு பிழியவும் வாசலில் கிடைக்கிறதே என்று பறிக்கிறார்கள். பூஜைக்குப் பறியுங்கள். வயிற்றுக்குள் போவதற்கு வேண்டாம். பூச்சிமருந்தும் யூரியாவும் பட்ட புல், நாய் நடந்த புல். சாறு குடிக்கிற பழக்கம் இருந்தால் ஒரு அகலத் தொட்டியில் தனியாக வளர்த்து, நன்றாக அலசிப் பயன்படுத்துங்கள். தொட்டியில் வளர்ப்பதற்கு எல்லைக்கல்லும் வேண்டாம்.

14. மலையில் வீடு கட்டுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கு அருகு ஈடு கொடுக்காது, உறைபனியில் பழுத்துவிடும். அங்கே பலர் வைப்பது கிக்கூயு புல். கிழக்கு ஆப்பிரிக்க மலைநாட்டிலிருந்து வந்தது. அருகைப் போலவே மேலேயும் கீழேயும் ஓடுவது, அதை விட முரட்டு ஓட்டம். வேலிக்கு அந்தப் பக்கம் வரையாடு மேய்கிற புல்வெளி இருக்கிறது. அது சோலைக்காட்டோடு சேர்ந்து பிறந்த புல்வெளி. ஒருமுறை கிக்கூயு மூடிவிட்டால் நம்மால் திரும்ப உண்டாக்க முடியாது. வெட்டிய கொடியைச் சரிவில் வீசாதீர்கள். முடிந்தால் அந்தப் புல்லையே நடாதீர்கள். கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

15. ஒருநாள் இந்தப் புல்தரை வேண்டாம் என்று தோன்றலாம். அப்போது மழைக்காலத்தில் மண்வெட்டியைத் தூக்காதீர்கள். ஈர மண்ணில் வெட்டினால் ஒவ்வொரு துண்டும் ஒரு செடியாகும். பங்குனி, சித்திரையில் தண்ணீரை நிறுத்தி, ஆழக் கொத்திப் புரட்டி, தண்டை வெயிலில் காயப்போடுங்கள்; விவசாயிகள் கோடை உழவில் செய்வது இதைத்தான். அல்லது நனைத்த மண்ணின்மேல் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டி, ஓரங்களை மண்ணால் மூடி, ஆறு வாரம் வெயிலில் வேக விடுங்கள். களைக்கொல்லி வாங்கித் தெளித்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். கிளைபோசேட் களைக்கொல்லியைப் பூச்சிக் கட்டுப்பாட்டு வேலைக்கான உரிமம் உள்ளவர்கள்தான் தெளிக்கலாம் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. நீங்களாக வாங்கி அடிக்கக் கூடாது. எந்த வழியில் அழித்தாலும் அடுத்த இரண்டு மழைக்காலத்துக்கு அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள், தளிர் தெரிந்த அன்றே தோண்டுங்கள்.

16. வீட்டை விற்றாலும் வாடகைக்கு விட்டாலும், சாவி கொடுக்கும் அன்று புதிதாக வருகிறவரை வாசலுக்கு அழைத்துப்போய், கல் எது வரைக்கும் இறங்கியிருக்கிறது, எந்த இணைப்பில் சிமென்ட் விட்டிருக்கிறது என்று காட்டிவிட்டுப் போங்கள்.